ஈறு அறுவை சிகிச்சை: கத்தியா, லேசரா?

"வலியில்லை, ரத்தமில்லை, தையலில்லை" என்ற லேசர் விளம்பரங்களைப் பல் மருத்துவமனை வாசல்களில் இப்போது அடிக்கடி பார்க்கிறோம். இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு.

வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்திற்கான நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிவிடும். சிலருக்கு மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு பற்களுக்கிடையே இறங்கி இடைவெளியை உண்டாக்கும். இத்தகைய மென்திசுக்களை நீக்கக் கத்தியும் பயன்படும், லேசரும் பயன்படும்.

பல் மருத்துவர்கள் பரவலாக வைத்திருப்பது டயோடு லேசர். 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான அதன் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபினும் திசுவின் நிறமியும் உறிஞ்சிச் சூடாகின்றன. திசு அறுபடும்போதே சிறு ரத்தக்குழாய்கள் அடைபடுவதால் ரத்தக்கசிவு குறைகிறது. பல நேரங்களில் தையலும் தேவைப்படாது. ஆனால் மரத்துப்போகும் மருந்து அறவே வேண்டாம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. அதே சூடுதான் அதன் குறையும்கூட. காயத்தின் ஓரம் கருகுவதால் தொடக்கத்தில் ஆறுவது தாமதமாகலாம். எலும்பருகே கவனக்குறைவாகப் பயன்படுத்தினால் எலும்பே பாதிக்கப்படும். சிகிச்சையின்போது நோயாளி உட்பட அறையிலுள்ள அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தாக வேண்டும்.

கத்தியால் அறுத்தால் ரத்தம் வரும், தையல் போட நேரலாம். ஆனாலும் வெட்டு சுத்தமாக இருக்கும், செலவும் குறைவு. ஈறிலிருந்து சீழ் வடிந்து பல் ஆடுகிறவர்களுக்கு, பற்காரையையும் வேரடியிலுள்ள அழுக்கையும் சுரண்டி எடுப்பதே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. லேசர் அதைவிட மேலானது என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

நாம் மிகவும் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், கன்னத்தில் தடிப்பு ஆகியவை, குறிப்பாகப் புகையிலை, குட்கா, பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு, புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதை லேசரால் பொசுக்கிவிட்டால் பரிசோதிக்கத் திசுவே மிஞ்சாது. லேசரால் வெட்டி எடுத்தாலும் ஓரங்கள் கருகி முடிவு தெளிவில்லாமல் போகக்கூடும். முதலில் கத்தியால் சிறு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவதே முறை. "பரிசோதனை தேவையில்லை, லேசரில் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்ட பிறகே எந்தச் சிகிச்சைக்கும் நாள் குறிக்க வேண்டும்.