அடுப்படிப் புகையும் ஓர் இதய மருத்துவரும்

பர்மா என்றதும் நம் குடும்பங்களின் நினைவில் எழுவன இரண்டு: அங்கே தேடிய பொருள்; 1942ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டுத் திரும்பிய துயரம். ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி அவ்வாண்டில் தாயகம் வந்தோருள் இளம் மருத்துவப் பெண்மணி ஒருவரும் இருந்தார். பின்னாளில் இந்திய இதய மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்பெற்ற டாக்டர் பத்மாவதி அம்மையாரே அவர்.

1917இல் பர்மாவின் மக்வே நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். போர் மூண்டபோது குடும்பத்து ஆண்கள் பர்மாவிலேயே தங்கிவிட, தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். போர் ஓய்ந்த பின்னரே குடும்பம் ஒன்றுகூடியது. இழப்பு அவரை முடக்கவில்லை. இங்கிலாந்தில் உயர்கல்வி பெற்றார். அமெரிக்காவில் ஹெலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகிய பேராசிரியர்களிடம் இதய மருத்துவம் பயின்றார்.

1953இல் டில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, அங்கே இதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்தினுள் அழுத்தத்தை அளந்தறியும் ஆய்வுக்கூடத்தையும் நிறுவினார்.

அவருடைய ஆராய்ச்சிகளுள் ஒன்றை நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். நுரையீரல் நாட்பட நலிந்து, அதன் சுமை இதயத்தின் வலப்பக்கத்தை வருத்தும் நோய் ஒன்றுண்டு. டில்லியில் அந்நோயுற்ற 127 பேரை ஆராய்ந்து 1959இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆண்களில் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள். பெண்களிலோ அப்பழக்கமுடையோர் மிகச் சிலரே. எனினும் இருபாலாரும் ஏறத்தாழச் சமமாகவே பாதிக்கப்பட்டிருந்தனர். காற்றோட்டமற்ற வீடுகளில் அடுப்புப் புகையை இளமை முதலே சுவாசித்து வந்ததே பெண்களின் நோய்க்குக் காரணமாகலாம் என அவர் சுட்டினார்.

விறகடுப்பின் முன் குந்தி, ஊதுகுழலை ஊதியே ஆயுளைக் கழித்த நம் மூதாட்டிகளின் இருமலை முதுமையின் இயல்பென்று கருதினோமல்லவா? அவ்விருமலுக்குப் பின்னே இதயமும் தளர்ந்திருக்கக்கூடும் என்பதை இவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையையும், 1981இல் டில்லியில் தேசிய இதய நிலையத்தையும் அவர் நிறுவினார். 1992இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைக் கவனித்து வந்த அம்மையார், 2020 ஆகஸ்டில், தமது 103ஆம் வயதில், கொரோனா நோயால் மறைந்தார்.

எரிவாயு அடுப்பு வந்த பின்னும் விறகுப் புகையில் சமைக்கும் இல்லங்கள் இன்னும் உள்ளன. அங்கே ஒரு சாளரம் திறக்க வழி செய்வதும் இதயத்தைக் காக்கும் பணியேயாகும்.