லாஸ் ஏஞ்சலஸ்: தவறான வாயுவை அளந்த நகரம்

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலஸில் மூன்று தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, மூக்கு ஒழுகியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள்.

பழி முதலில் அலிசோ தெருவில் இருந்த ஒரு தொழிற்சாலை மீது விழுந்தது. செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டடையீன் அங்கே தயாரானது. கொஞ்ச நாள் மூடிப் பார்த்தார்கள். புகைமூட்டம் போகவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை உறுத்தும் பகுதி. லண்டன், பிட்ஸ்பர்க், செயின்ட் லூயிஸ் போன்ற ஊர்களில் காற்றைக் கெடுத்தது நிலக்கரி. அதை எரித்தால் கரும்புகையும் கந்தக டை ஆக்சைடும் வரும். இரண்டையும் அளக்க அப்போதே வழி இருந்தது. அதனால் 1947இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானபோது, அதன் முதல் இயக்குநர் லூயிஸ் மெக்கேப் குறிவைத்ததும் கந்தக டை ஆக்சைடைத்தான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வந்த கந்தகம் குறைந்தது. கண் எரிச்சல் குறையவில்லை.

சிரிக்காதீர்கள், இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காக சர்வர் டாஷ்போர்டு ஒன்று செய்தேன். எல்லாம் பச்சை. ஆனால் ஆட்கள் லாகின் செய்ய முடியாமல் தவித்தார்கள். சிபியுவையும் மெமரியையும் அளப்பது சுலபம், அதனால் அவற்றை மட்டும் அளந்திருந்தேன்.

லாஸ் ஏஞ்சலஸில் துப்புக் கொடுத்தவை கீரையும் டயரும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கீரை, லெட்யூஸ் இலைகளின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மினுங்கியது. கந்தக டை ஆக்சைடு பட்ட இலை அப்படி ஆகாது. டயர்களும் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடிப்பு விட்டன.

கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர் இருந்தார். அன்னாசிப்பழத்துக்கு அந்த வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் அதே முறையில் ஊர்க் காற்றையும் பிடித்தார். கிடைத்தது நாற்றமடிக்கும் சில துளி பழுப்புத் திரவம். அதிலிருந்து தொடங்கி 1950களின் ஆரம்பத்தில் விடையைக் கண்டார்: ஓசோன்.

எந்தப் புகைக்குழாயில் தேடினாலும் இந்த ஓசோன் அகப்படாது. கார் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியும், கலிபோர்னியாவின் நல்ல வெயிலில் சேர்ந்து அதைக் காற்றிலேயே உண்டாக்குகின்றன. அளக்க அவர் பயன்படுத்திய முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைத்து, வெடிப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

எண்ணெய் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடந்த ஆய்வுகள் அவர் சொன்னதை மறுத்தன. ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கந்தக டை ஆக்சைடு என்றால் சில ஆலைகள் வடிகட்டி போட்டால் போதும். ஓசோன் என்றால் பெட்ரோலும், ஒவ்வொரு வீட்டு வாசலில் நிற்கும் காரும் குற்றவாளிகள். பட்டியலில் எந்தப் பெயர் ஏறுகிறது என்பதைப் பொறுத்து, யார் செலவழிக்க வேண்டும் என்பதும் மாறிவிடுகிறது.

கடைசியில் ஓசோன் ஏறியது. 1955இல் பத்து லட்சத்தில் 0.5 பங்கு ஓசோன் இருந்தால் முதல் எச்சரிக்கை என்று வைத்தார்கள். இன்றைய அமெரிக்க வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, 0.07.

ஆனால் அந்தக் கார்கள் எரித்த பெட்ரோலில் ஈயமும் இருந்தது. 1971இல் அமெரிக்க அரசு வெளியிட்ட தேசியத் தரப் பட்டியலில் ஈயம் இல்லை; 1978இல்தான் சேர்ந்தது. நுரையீரலின் ஆழம்வரை போகும் பிஎம் 2.5 துகள்களுக்கு வரம்பு வந்தது 1997இல்.

உங்கள் கைப்பேசி காட்டும் காற்றுத் தரக் குறியீடும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. அமெரிக்கக் குறியீட்டில் ஐந்து மாசுகள், இந்தியாவினுடையதில் எட்டு. அம்மோனியாவும் ஈயமும் அங்கே சேர்த்தி. அடுத்த விடுமுறைக்குச் சென்னையில் இறங்கும்போது அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள்; அன்றைக்கு எந்த மாசு அதை ஏற்றிவைத்தது என்று பெரும்பாலும் கீழேயே எழுதியிருக்கும்.