கோலார் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் தேர்வு, 2024

2024 மக்களவைத் தேர்தலில் கோலார் (தனி) தொகுதிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் கர்நாடகக் காங்கிரசுக்குள் நடந்த போட்டி, இந்தியக் கட்சிகளில் சீட்டு எப்படி முடிவாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு. கோலார் தங்கவயல், பங்காருப்பேட்டை, மாலூர், முல்பாகல், சிந்தாமணி உள்ளிட்ட 8 சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும்.

1991 முதல் 2014 வரை தொடர்ந்து 7 முறை இங்கே வென்றவர் கே. எச். முனியப்பா. 2019-இல் பாரதிய ஜனதாவின் எஸ். முனிசாமியிடம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். சொந்தக் கட்சிக்காரர்களே தன்னைக் கவிழ்த்ததாக அவர் குற்றஞ்சாட்டினார். அந்தப் பகை ஆறவே இல்லை. முன்னாள் சபாநாயகர் ரமேஷ் குமாரைச் சுற்றி இருந்தவர்கள் ஓர் அணி, முனியப்பாவின் குடும்பமும் ஆதரவாளர்களும் மறு அணி. தங்கவயல் சட்டமன்ற உறுப்பினர் ரூபகலா, முனியப்பாவின் மகள்.

2024-இல் முனியப்பா மாநில அமைச்சர். தன் மருமகன் சிக்க பெத்தண்ணாவுக்குச் சீட்டு கேட்டார். எதிரணி கொதித்தது. மார்ச் 27 அன்று அமைச்சர் எம். சி. சுதாகர் உட்பட 3 சட்டமன்ற உறுப்பினர்களும் 2 மேலவை உறுப்பினர்களும் பதவி விலகப் போவதாக மிரட்டினர். இரு தரப்பையும் தள்ளிவைத்த மேலிடம், பெங்களூருவைச் சேர்ந்த கே. வி. கௌதமை அறிவித்தது. பெங்களூரு முன்னாள் மேயர் விஜயகுமாரின் மகன் அவர். இந்தச் சமரசத்தில் சண்டை அடங்கியது, ஆனால் தொகுதியின் தேவை எதுவும் எடைபோடப்படவில்லை.

தங்கவயலுக்கு இது கூடுதல் வேதனை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், பெங்களூருவுக்கு ரயிலேறிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் ஊர் அது. 1985-இல் மார்க்சிஸ்ட், 1989-இலும் 1999-இலும் அ.தி.மு.க., 1994-இலும் 2004-இலும் இந்தியக் குடியரசுக் கட்சி என்று சட்டமன்றத்துக்குத் தன் விருப்பப்படியே ஆளனுப்பிய ஊர். வேலை, வீட்டுமனை உரிமை, சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடு ஆகியவற்றைப் பற்றி சீட்டுக்கு அடிபட்ட பெயர்களில் யாருக்கு என்ன திட்டம் என்று அந்த மக்கள் கேட்க இடமே அமையவில்லை.

அப்படிக் கேட்க இடமளிக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளராக விரும்புவோர் மாநிலம் மாநிலமாகக் கட்சி வாக்காளர்களிடம் வாக்கு கேட்க வேண்டும். இந்த முறை காங்கிரசுக்கும் புதிதல்ல. 2014-இல் ராகுல் காந்தியின் முயற்சியால் சில தொகுதிகளில் உள்கட்சி வாக்கெடுப்பு நடந்தது. கர்நாடகத்தில் பெங்களூரு வடக்கில் சி. நாராயணசாமியும், தட்சிண கன்னடத்தில் முன்னாள் முதல்வர் வீரப்ப மொய்லியின் மகன் ஹர்ஷாவை முந்தி ஜனார்த்தன பூஜாரியும் தேர்வாயினர். இருவரும் தேர்தலில் தோற்றனர். முன்னாள் முதல்வரின் மகனையும் தொண்டர்களின் வாக்கு விலக்கிவைக்க முடிந்தது என்பதே அதில் மதிக்க வேண்டியது. கட்சி அதை 2019-இல் கைவிட்டது தவறு.

2024-இல் பாரதிய ஜனதாவும் உறுப்பினர்களைக் கேட்கவில்லை. கூட்டணிக்காகத் தொகுதியை மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு விட்டதில், வென்றிருந்த முனிசாமியே இடமிழந்தார். ஏப்ரல் 26-இல் வாக்குப்பதிவு நடந்தது. ஜனதா தளத்தின் மல்லேஷ் பாபு சுமார் 71,000 வாக்கு வித்தியாசத்தில் கௌதமைத் தோற்கடித்தார்.