மேனுஃபேக்சர்டு ஹோம்

பெயர்ச்சொல். அமெரிக்க வழக்கு. தொழிற்சாலையில் இரும்பு அடிச்சட்டத்தின்மேல் கட்டி, மனைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வீடு.

வேர்: லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை, 'ஃபாகெரே' என்றால் செய்தல். கையால் செய்தது என்பதே முதற்பொருள். இயந்திரங்கள் பெருகியபின் ஆலையில் செய்தது என்றாயிற்று.

வரலாறு: முற்காலப் பெயர் 'மொபைல் ஹோம்'. 1976 ஜூன் 15 முதல் இவ்வீடுகளுக்கு நாடு முழுமைக்குமான கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1980-இல் கூட்டரசுச் சட்டம் பழைய பெயரை நீக்கி இப்பெயரை ஏற்றது.

பயன்பாடு: பல மாநிலங்களில் இவ்வீடு முதலில் வாகனத்தைப் போல உரிமைச் சான்றோடு அசையும் சொத்தாகவே பதிவாகிறது. அதற்குக் கிடைக்கும் கடனுக்கு வட்டி பெரும்பாலும் கூடுதல், தவணைக்காலம் குறைவு. நிலையான அடித்தளத்தில் பொருத்தி, அந்தச் சான்றை ஒப்படைத்து, நிலத்தோடு சேர்த்துப் பதிந்தால் அசையாச் சொத்தாகிவிடும். பழைய கடனை அடைத்து வீட்டுக்கடனாக மாற்றும் 'ரீஃபைனான்ஸ்' வசதிக்கு வழி அப்போதுதான் அகலமாகத் திறக்கும். அடித்தளம் விதிப்படி உள்ளதென்று பொறியாளர் தரும் சான்றையும் கடன் தருவோர் பொதுவாகக் கேட்பார்கள்.

தமிழில் 'நடமாடும் வீடு' என்று எழுதுவது பொருந்தாது. 'ஆலைவீடு' என்பதே சரி.