வயலின் அன்னா மரியா

அன்ரோனியோ விவால்டியின் 'நான்கு பருவங்கள்' நாங்கள் எல்லாரும் எங்கேயோ கேட்டதுதான். 1725இல் அம்ஸ்டர்டாமில் அச்சானது. இன்று விளம்பரங்களிலும் லிஃப்ட்டுகளிலும் தேய்ந்துபோச்சு. ஆனால் 'வசந்தம்' இரண்டாம் பகுதியில், தூங்கும் இடையனுக்குப் பக்கத்தில் வியோலா விடாமல் குரைக்குதே, அந்த நாயைக் கவனிச்சிருக்கிறீங்களா?

ஆள் 1678இல் வெனிஸில் பிறந்த பாதிரியார், செம்பட்டைத் தலை. 1703இலிருந்து, கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் பெண்பிள்ளைகளுக்கு வயலின் படிப்பிச்சார். அவருடைய கொன்செர்ட்டோக்கள் பல அந்தப் பிள்ளைகளுக்காகவே எழுதியவை. கேட்க வந்த சனம் அவர்களின் முகத்தைச் சரியாகக் கண்டதில்லை. கம்பித்தட்டிக்குப் பின்னால் இருந்துதான் வாசிப்பார்கள். குடும்பப் பெயரும் கிடையாது. அவர்களில் மகா கெட்டிக்காரி ஒருத்தியை ஊர் அறிந்ததே 'வயலின் அன்னா மரியா' என்றுதான்.

விவால்டி 1741இல் வியன்னாவில் வறுமையில் செத்தார். பிறகு அவரை ஏறத்தாழ மறந்தேபோனார்கள். 1920களில் கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாய் வெளிப்பட்டு தூரின் நூலகத்துக்குப் போயின. அவற்றில் இருந்த 'குளோரியா' 1939இல் மறுபடி ஒலித்தது.

புதிதாய்க் கேட்கிறவர்கள் அதிலிருந்து தொடங்குங்கோ. பியெத்தாவில் அதன் கீழ்க்குரல்களையும் பெண்களே பாடினார்கள். பெண்கள் மட்டும் பாடிய பதிவு கிடைத்தால், எங்கள் தெரிவு அதுதான்.