தாமதச் செய்தியின் வரலாறு: கண்டிப் புகையிரதப் பாதை பற்றிய சில குறிப்புகள்

இலங்கைப் புகையிரதத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோப்பியிலிருந்தே தொடங்குவர். அது தவறன்று. 1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிவரை பாதை திறக்கப்பட்டமைக்கு மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகம் சேர்க்கும் தேவையே முதற் காரணம். ஆயின் இக்கட்டுரை வண்டியின் வரலாற்றைக் கூறவில்லை. வண்டி பிந்துகிறது என்னும் செய்தியின் வரலாற்றையே கூற முயல்கிறது. அச்செய்தி யாரிடம் இருந்தது? யாரைச் சென்றடையவில்லை?

றம்புக்கனைக்கு அப்பால் பாதை ஒற்றைப் பாதையாகிறது. கடுகண்ணாவை நோக்கி ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் அது உயர்கிறது. இத்தகைய பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடின் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில், தந்தியனுப்புவதில் நேர்ந்த பிழையால் அவ்வாறே நடந்தது. அதன்பின் எட்வேர்ட் டையர் என்பார் வகுத்ததே 'டப்லெட்' முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு கருவியிலிருந்து வட்டத் தகடொன்று எடுக்கப்பட்டால், அது மீளும்வரை மற்றொன்றை எடுத்தல் இயலாது. தகட்டைப் பெற்ற சாரதியே அப்பகுதியினுள் வண்டியைச் செலுத்தலாம். எமது மலைநாட்டுப் பாதையிலும் இம்முறையே தலைமுறைகளாகக் கையாளப்பட்டது.

இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வண்டி முந்திய நிலையத்தை விட்டுப் புறப்பட்ட கணத்தை மணியோசை நிலைய அதிபருக்கு அறிவித்துவிடுகிறது. அவர் அதனைப் பேரேட்டிலும் பதிகிறார். ஆகவே தாமதம் ஒருபோதும் அறியப்படாத செய்தியாக இருந்ததில்லை. அது சாளரத்தின் உட்புறத்தே தங்கிவிட்ட செய்தி.

வெளியே வந்தபோதும் எம்மொழியில் வந்தது? பேராதனைச் சந்தியில் வண்டி மாறி ஹற்றனுக்கும் நானுஓயாவுக்கும் செல்லும் தோட்டத் தொழிலாளருக்கு இவ்வினா சிறியதன்று. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழும் அரசகரும மொழி என அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு மாலை, சிறு நிலையமொன்றில், ஒலிபெருக்கி ஒரு மொழியில் மட்டும் பேசி ஓய்ந்தது. அருகிலிருந்த முதியவள், "என்ன தம்பி சொல்றாங்க?" என்று எம்மைக் கேட்டாள். எமக்கும் பாதியே விளங்கியது.

இன்று 'பொட்' எனப்படும் தன்னியக்கச் செய்நிரல் சமூக ஊடகங்களில் இப்பணியைச் செய்கிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் நேர அட்டவணையைக் கணினி வாசிக்கத்தக்க பொதுவடிவில் அமைத்தன. 2011இல் நடப்பு நேரமும் அதில் இணைந்தது. செய்நிரல் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு குறித்த நிமிடங்களைக் கடந்தால் அறிவிக்கிறது. சொன்னதையே மீண்டும் சொல்லாதிருக்க, முன்பு அறிவித்ததை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. பொறியியற் பீட நண்பரொருவர் இதனை ஒரே இரவில் எழுதலாம் என்கிறார், நம்பலாம்.

எனினும் சாளரம் இடம் மாறியுள்ளதேயன்றி மறையவில்லை. 2023இல் ட்விற்றர் நிறுவனம் தன் இலவச வாயிலை மூடிக் கட்டணம் கேட்டபோது, நியூயோர்க் நகரப் போக்குவரத்து அதிகாரசபை அவ்வாண்டு ஏப்ரலில் அங்குத் தன் தாமத அறிவித்தல்களை நிறுத்தியது. பொதுச்சேவைகளுக்குக் கட்டணம் இல்லை என்று நிறுவனம் இறங்கிவந்த பின்னரே, மே மாதத்தில் அவை தொடர்ந்தன.

கண்டிப் பாதைக்கு வேண்டுவது முதலிற் செய்நிரலன்று. பேரேட்டிற் பதியும் அந்நேரம் பதிந்த கணமே வெளியே வருதல். வண்டியின் பெயர், நிலையம், நிமிடம் என்னும் மூன்றும் கிடைத்தால் அவற்றைத் தமிழ் வாக்கியமொன்றில் பொருத்துவதற்குச் செய்நிரலில் ஒரு வரி போதும்.