அழகுக்கு நட்ட நாலு கன்று

பால்கனியில அரேகா பாம் வச்சிருக்கிறவங்க இந்த நிகழ்ச்சியை நிறையப் பேர் கேட்கிறீங்க. கொட்டையை ஊறவச்சு, தொட்டியில புதைச்சு, மாசக்கணக்கா மண்ணையே பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களும் உண்டு. இன்னைக்குச் சொல்லப்போறது, அதே மாதிரி அழகுக்காக விதை போட்டு வளர்த்த ஒரு மரம் உங்க பிஸ்கட் பாக்கெட் வரைக்கும் வந்து சேர்ந்த கதை.

மரத்தோட பேர் எண்ணெய்ப்பனை. மலேசியத் தமிழர்கள் செம்பனைன்னு சொல்வாங்க. சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே காலங்காலமா சமையலுக்கே அதன் எண்ணெய்தான். 1848-ல் இதன் நாலு கன்றுகள் ஜாவா தீவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அப்போ அது டச்சுக்காரங்க ஆட்சி. ரெண்டு கன்று ஆம்ஸ்டர்டாம்ல இருந்து வந்தது, ரெண்டு இந்தியப் பெருங்கடல் தீவு ஒண்ணுல இருந்து. மொத்தமே நாலு. இந்த எண்ணிக்கையை ஞாபகம் வச்சுக்கோங்க.

வாழைன்னா பக்கக்கன்றைப் பெயர்த்து நடலாம். பேரீச்சையும் பக்கக்கன்று விடும். எண்ணெய்ப்பனை விடாது. கிளை கிடையாது, ஒட்டுக்கட்டவும் வழியில்லை. அந்தக் காலத்துல இதைப் பெருக்கணும்னா விதை மட்டும்தான். அந்த விதையும் லேசுல முளைக்காது. கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கிக்கிட்டே கிடக்கும். இன்னைக்கு விதை உற்பத்தி செய்யறவங்க அதை 40 டிகிரி செல்சியஸை ஒட்டின சூட்டுல வாரக்கணக்கா வச்சு, அப்புறம் ஊறவச்சுத்தான் எழுப்புறாங்க. (உங்க தொட்டியில கொட்டை முளைக்கலைன்னா தண்ணியை மட்டும் கூட்டாதீங்க. பனை வகைகள் பலதுக்கும் மண்ணுல சூடு வேணும்.)

போகோர் மரங்களோட விதைகள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போச்சு. அங்கே இருந்தது புகையிலைத் தோட்டங்கள். பாதையோரமா வரிசையா நட்டாங்க, பார்க்க நல்லா இருக்கும்னு. பல வருஷம் அது வெறும் அலங்காரம்தான். ஆப்பிரிக்காவுல இந்த மரத்தைப் பார்த்துப் பழகின அட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியக்காரர்தான், இந்த டெலி மரங்கள் அங்கே இருக்கிறதைவிட நல்லா காய்க்குதேன்னு கவனிச்சார். 1911-ல் சுமத்ராவில் வணிகத் தோட்டமே போட்டார்.

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே அதே டெலி விதையை மலாயாவுக்குக் கொண்டுபோனார். 1917-ல் சிலாங்கூரில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவாச்சு. அந்த எஸ்டேட்டோட பேர் என்ன தெரியுமா? தென்னமரம்! செம்பனைத் தோட்டத்துக்கு அச்சு அசல் தமிழ்ல தென்னமரம்னு பேர். சிலாங்கூர் எஸ்டேட்டுகள்ல கன்று நட்டதும் குலை வெட்டினதும் பெரும்பாலும் யாருன்னு அந்தப் பேரே சொல்லிடும். ஃபோகோனியே பின்னாடி நாவல் எழுதி 1930-ல் கோன்கூர் பரிசு வாங்கினார். செம்பனை வரலாற்றைச் சொல்ற புத்தகங்கள்ல அவர் பேர் இருக்கும், ஹாலே பேர் இருக்கும். நாற்றுக்குத் தண்ணி ஊத்தினவங்க 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள்ள அடங்கிடுவாங்க. எனக்கு அது உறுத்துது.

அவங்க செஞ்ச ஒரு வேலையைச் சொல்றேன். ஆப்பிரிக்காவுல இருந்து மரம் வந்துச்சு, மகரந்தத்தைச் சுமக்கிற வண்டு கூட வரலை. அதனால மலேசியாவுல பல இடங்கள்ல தொழிலாளர்கள் ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோட கலந்து, மரம் மரமாப் போய்ப் பெண் பூக்கள் மேல ஊதினாங்க. 1981-ல் கேமரூன்ல இருந்து அந்தக் குட்டி வண்டைக் கொண்டுவந்து விட்டாங்க. காய்ப்பு ஏறிச்சு. ஊதுற வேலை போச்சு.

இப்போ அந்த நாலுக்கு வருவோம். மலேசியா, இந்தோனேசியா ரெண்டும் சேர்ந்து உலகத்துப் பாமாயிலில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல தருது. அங்கே வணிக விதைக்குத் தாய்மரமா நிற்கிறது பெரும்பாலும் 'டெலி டூரா' என்ற வகை, அதாவது அந்த நாலு கன்றோட வம்சம். தந்தை மரங்கள் வேற வழியில ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவை. ஆனா தாய் வழி ரொம்பக் குறுகல். நாலு பேரோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, அவங்களுக்குள்ளேயே கல்யாணம். இப்படி ஒரே குடும்பமா நிற்கிற பயிர்ல ஒரு நோய் புகுந்தா, தாங்கி நிற்கிற மரம் கிடைக்கிறது கஷ்டம். தண்டின் அடியை அழுகவைக்கிற கானோடெர்மா பூஞ்சை ஏற்கெனவே அங்கே பெரிய தலைவலி.

நிலைமை புரிஞ்சுதான் 1973-ல் மலேசிய ஆராய்ச்சியாளர்கள் நைஜீரியாவுக்குப் போனாங்க. போகோருக்கு அந்தக் கன்றுகள் வந்து 125 வருஷம் கழிச்சு. ஊர் ஊரா அலைஞ்சு, தானா முளைச்சு நின்ன மரங்கள்ல இருந்து குலை வெட்டி, விதை எடுத்துக்கிட்டு வந்து, ஜொகூர்ல இருக்கிற குளுவாங்கில் முதல்ல இருந்து நட்டாங்க.